நியாயமான மனுவை நிராகரித்த முதல் நிலை அலுவலருக்குத் தந்த எச்சரிக்கையை நீக்கக் கோரி

அனுப்புநர்
டயாலிசிஸ் பிரிவு நோயாளி அட்டை எண் 4417-இன் கணவர்,
ஓய்வு பெற்ற வெல்டர்,
நெடுஞ்சாலைக்குத் தெற்கே, மூன்றாம் குறுக்குத் தெரு, மாடி வீடு.

பெறுநர்
நிர்வாகத் தலைவர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

வழி: முதல் நிலை, இரண்டாம் நிலை, மூவர் குழு (மூன்று நிராகரிப்புகளும் இணைப்பில் உள்ளன)

பொருள்: குறைதீர் பிரிவு முதல் நிலை அலுவலருக்கு வழங்கப்பட்ட எழுத்து எச்சரிக்கையை ரத்து செய்தல், அவரது ஒப்பந்தத்தைப் புதுப்பித்தல் தொடர்பாக.

பார்வை: தங்கள் பணியாளர் பிரிவு எனக்கு நன்றி தெரிவித்து அனுப்பிய கடிதம், நாள் இம்மாதம் 6.

கடைசி வரி வரை பொறுமையாகப் படிப்பீர்கள் என்று நான் நம்பும் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. தங்கள் மருத்துவமனையின் குறைதீர் பிரிவில் முதல் நிலை அலுவலராக இருக்கும் பெண்மணிக்கு, நியாயமான ஒரு மனுவை நிராகரித்தார் என்று குற்றம் சாட்டி எழுத்து எச்சரிக்கை வழங்கியிருக்கிறார்கள். இது தவறு. அந்த மனு என்னுடையது. அவர் நிராகரித்ததால்தான் அது வென்றது. அவர்மேல் புகார் எழுதிப் பெட்டியில் போட்டவனும் நானே. ஆகவே இந்த அநியாயத்தில் பாதிப் பங்கு என்னுடையது. மீதிப் பாதியைத் தங்கள் பணியாளர் பிரிவு ஏற்றுக்கொள்ள வேண்டும்.

2. அவசரம் என்னவென்றால், எழுத்து எச்சரிக்கை கோப்பில் இருப்பவரின் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கக் கூடாது என்று பணியாளர் விதி 31 சொல்கிறது. அவருடைய ஒப்பந்தம் இம்மாதம் 30-ஆம் தேதி முடிகிறது. இன்று 19.

3. நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். என் மனைவிக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். தங்கள் மருத்துவமனை வேன் நோயாளிகளை அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிறது. இது பெரிய உதவி. ஆனால் வேன் நின்ற இடம் நெடுஞ்சாலையின் வடக்குப் பக்கம். நாங்கள் இருப்பது தெற்குப் பக்கம். நடுவில் ஆறு தடங்கள். நடப்பவர்களுக்கான பச்சை விளக்கு இருபத்தெட்டு நொடி எரியும். என் மனைவி அந்தச் சாலையைக் கடக்க ஒரு நிமிடம் ஐம்பது நொடி ஆகும். டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது தலைசுற்றல் வேறு. ஒருநாள் சாலையின் நடுத்தடுப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். இரண்டு பக்கமும் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. நான் அவளுக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றேன். லாரிக்கு எதிரே என் கை என்ன செய்துவிடும் என்று அப்போது தோன்றவில்லை.

4. வேன் எங்கள் பக்கம் வந்து நிற்க வேண்டும் என்று மனு கொடுத்தேன். அப்போது முதல் நிலையில் இருந்தவர் வேறொருவர். தங்கள் குறைதீர் படிவத்தில் அலுவலர் குறியிட மூன்று கட்டங்கள் உண்டு என்பது தங்களுக்குத் தெரிந்திருக்கும்: ‘தீர்க்கப்பட்டது’, ‘நிராகரிக்கப்பட்டது’, ‘கூடுதல் விவரம் தேவை’. அந்த அலுவலர் எட்டு மாதம் மூன்றாவது கட்டத்திலேயே குடியிருந்தார். பதினொரு முறை கூடுதல் விவரம் கேட்டார். அட்டை நகல் மூன்று முறை கொடுத்தேன். தெருவின் வரைபடம் கொடுத்தேன். மனைவிக்கு எத்தனை கால்கள் என்பது ஒன்றைத்தான் அவர் கேட்கவில்லை. அவர்மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அவர் என்னை எந்த நிலையிலும் மறுக்கவில்லை, அதனால் எந்த நிலைக்கும் என்னை ஏற்றவும் இல்லை. அவ்வளவுதான்.

5. பிறகு இந்தப் பெண்மணி பொறுப்பேற்றார். முதல் வாரமே என்னை அழைத்துக் கோப்பு முழுவதையும் என் முன்னாலேயே படித்தார். படித்து முடித்து, “ஐயா, இதுல இல்லாதது ஒண்ணுதான். அந்த ரோட்டை யாருமே நேர்ல வந்து பார்க்கலை,” என்றார். அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன். சாட்சியத்துக்கு மெருகு போடக் கூடாது.

6. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு விடுமுறை. அன்று காலை எங்கள் வீட்டுக்கு வந்து, என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சாலையைக் கடந்தார். கைப்பேசியில் நொடி எண்ணினார். பாதியில் சிவப்பு விழுந்தது. என் மனைவி, “நீ ஓடிப்போயிடும்மா. நான் அடுத்த பச்சைக்கு வரேன். எனக்கு இது பழக்கம்தான்,” என்று சிரித்தாள். அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. நடுத்தடுப்பில் அவளோடு நின்றார். மூன்று முறை கடந்து, மூன்று அளவுகளையும் எழுதிக்கொண்டார். எதிர்ப்பக்கத்துக் கடையில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கி என் மனைவியை உட்கார வைத்துவிட்டுத்தான் என்னோடு பேசினார். விடுமுறை நாளில் இதைச் செய்யும்படி எந்த விதியும் அவரைக் கேட்கவில்லை.

7. அதோடு நிற்கவில்லை. வேன் தெற்குப் பக்கம் வர வேண்டுமானால் மேம்பாலத்தின் கீழே போய்த் திரும்ப வேண்டும். ஏழு நிமிடம் கூடுதலாகும். அது மற்ற ஐந்து நோயாளிகளின் நேரம். ஆகவே செவ்வாய்க்கிழமை தாமே வேனில் ஏறி அந்த ஐவரிடமும் கேட்டார். ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர் அதில் வருவார். அவர், “நாலு மணி நேரம் ஊசியைக் குத்திக்கிட்டுக் கிடக்கிறோம். ஏழு நிமிஷத்துல என்னம்மா குறைஞ்சிடப் போறோம்? அந்தம்மா ஏறுற வரைக்கும் நான் வெளியே வேடிக்கை பார்க்கறேன்,” என்றாராம். ஐவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஓட்டுநரும் போட்டார்.

8. மறுநாள் புதன்கிழமை நான் கவுன்ட்டருக்குப் போனேன். வரிசையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். அவர் என் படிவத்தை நீட்டினார். ‘நிராகரிக்கப்பட்டது’ என்ற கட்டத்தில் குறி இருந்தது.

9. ஐயா, எனக்கு வயது எழுபத்து மூன்று. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். பட்டறையில் கையில் கிடைத்த தாளையெல்லாம் படித்து எழுதக் கற்றுக்கொண்டேன். படிக்காமல் எதற்கும் கையெழுத்துப் போட்டதில்லை என்று சொல்லிக்கொண்டு திரிந்தவன். அன்று படிக்கவில்லை. “வீடு வரைக்கும் வந்து கையைப் பிடிச்சது இதுக்குத்தானா?” என்று எல்லார் முன்னாலும் கத்தினேன். அவர் எழுந்து நின்று, “ஐயா, பின்பக்கம் பாருங்க, பின்பக்கம்,” என்றார். என்னைப் பின்வாசல் வழியாகப் போகச் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டு இன்னும் கொதித்தேன். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து, முதல் நிலை அலுவலர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று பத்தே நிமிடத்தில் புகார் எழுதி மஞ்சள் பெட்டியில் போட்டேன். கை நடுக்கம் உள்ள எனக்கு அன்று எழுத்து முத்து முத்தாக வந்தது. கோபம் எழுத்தை அழகாக்கும் என்பதை அன்று அறிந்தேன். இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை.

10. மாலையில் என் மனைவி படிவத்தை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். “உங்க கோவம் முன்பக்கத்தோடயே முடிஞ்சிடுச்சா? பின்னாடி ஒரு பக்கம் எழுதியிருக்காங்க பாருங்க, உங்களை மாதிரியே நீளமா,” என்றாள். பின்பக்கத்தில் இருந்ததை அப்படியே எழுதுகிறேன்:

‘இக்குறை முழுவதும் நியாயமானது. நேரில் அளந்தேன், அளவுகள் கீழே. வழித்தடத்தை மாற்றும் அதிகாரம் இந்த நிலைக்கு இல்லை. மூவர் குழுவுக்கே உண்டு. ‘தீர்க்கப்பட்டது’ என்று குறித்தால் பொய். ‘கூடுதல் விவரம் தேவை’ என்று குறித்தால் அதுவும் பொய். நிராகரிக்கப்பட்ட மனு மட்டுமே மேல் நிலைக்குச் செல்லலாம் என்பது விதி 12. எனவே மேல் நிலை இதைப் பார்க்க வேண்டும் என்பதற்காக நிராகரிக்கிறேன். மனுதாரர் முதியவர், மேல்முறையீட்டுப் படிவத்தை நானே நிரப்பி இணைத்துள்ளேன். அவர் கையெழுத்து மட்டும் தேவை.’

மேல்முறையீட்டுப் படிவம் குண்டூசி குத்தி இணைக்கப்பட்டிருந்தது. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சிறிய குறி இருந்தது.

11. மேல்முறையீட்டில் கையெழுத்துப் போட்டு மறுநாளே இரண்டாம் நிலையில் கொடுத்தேன். என் புகாரைத் திரும்பப் பெறவும் முயன்றேன். மஞ்சள் பெட்டியைத் திங்கள்கிழமைதான் திறப்பார்கள் என்றார்கள். திங்கள்கிழமை போனேன். பிரிவு உதவியாளர், “பெரியவரே, புகாரை வாபஸ் வாங்கற ஃபாரத்தை முதல் நிலை அலுவலர்கிட்டதான் கொடுக்கணும். ஆனா புகாரே அவங்க மேலதானே? அவங்க மேல உள்ள புகாரை அவங்களே வாங்கி மூடினா நல்லாவா இருக்கும்? நீங்களே சொல்லுங்க,” என்றார். கேள்வி நியாயமானது. நானும் திரும்பி வந்துவிட்டேன். இப்படிப்பட்ட நேரத்துக்கு மாற்று அலுவலர் ஒருவரை இரண்டாம் நிலை அலுவலர் பிறகு நியமித்தார். அது பாராட்டத்தக்கது. ஆனால் அதற்குள் என் புகார் பணியாளர் பிரிவுக்குப் போய்விட்டது. என் வேலை முடிந்ததும் அந்தப் புகாரும் தானாக விழுந்துவிடும் என்று நான் இருந்துவிட்டேன். இது என் இரண்டாவது தவறு.

12. இரண்டாம் நிலையில் இருக்கும் துணைக் கண்காணிப்பாளரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடுமையான மனிதர் என்று கேள்விப்பட்டிருந்தேன். பின்பக்கத்தைப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். “இப்படி ஒரு நிராகரிப்பை இருபது வருஷத்துல நான் பார்த்ததே இல்லை,” என்றவர் அன்றைக்கே மூவர் குழுவுக்கு அனுப்பிவிட்டார். பன்னிரண்டு நாளில் குழு கூடியது. எனக்கு நாற்காலி போட்டார்கள். மூவரும் கோப்பைப் படித்துவிட்டு வந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் முன்னாள் நோயாளி. அவர், “வேற ஏதாவது சொல்லணுமாங்க?” என்று கேட்டார். எட்டு மாதமாக மனதில் எழுதி வைத்திருந்த பேச்சு எதுவும் தேவைப்படவில்லை. எல்லாம் அந்தப் பின்பக்கத்தில் இருந்தது.

13. சென்ற மாதம் 3-ஆம் தேதி முதல் வேன் எங்கள் தெருமுனையில் நிற்கிறது. என் மனைவி பதினெட்டு அடி நடந்து ஏறுகிறாள். ஆட்சேபணை எவரும் சொல்லவில்லை.

14. அந்த நிம்மதியில் இருந்தபோதுதான் தங்கள் பணியாளர் பிரிவிலிருந்து பார்வையில் கண்ட கடிதம் வந்தது. ‘தங்கள் புகார் ஏற்கப்பட்டது. மூவர் குழு நியாயமானது என்று தீர்ப்பளித்த மனுவை முதல் நிலையில் நிராகரித்த அலுவலருக்கு எழுத்து எச்சரிக்கை வழங்கப்பட்டது. தங்கள் விழிப்புணர்வுக்கு நன்றி’ என்று இருந்தது. என் வாழ்நாளில் அரசு முத்திரையோடு எனக்கு வந்த முதல் நன்றிக் கடிதம் அது. அதை வைத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. மூலக் கடிதத்தையே இத்துடன் திருப்பி அனுப்புகிறேன்.

15. நேரே போய் அந்தப் பெண்மணியிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் என்னை உட்கார வைத்து, “விடுங்க ஐயா. நான் ‘நியாயம்’னு எழுதிக் கையில வெச்சிருந்தா பேப்பர் இங்கயே படுத்துக்கும். ‘முடியாது’ன்னு போட்டாத்தான் எழுந்து நடக்கும். நடந்துச்சில்ல? அது போதும். ஆனா ஒண்ணு, உங்க புகாரைப் படிச்சேன். ஒரு எழுத்துப்பிழை இல்லைங்க,” என்றார். ஒப்பந்தம் பற்றிக் கேட்டதற்கு, “மாசக் கடைசியோட சரி,” என்று சொல்லிவிட்டு வரிசையில் அடுத்தவரைக் கூப்பிட்டார். அவர் குரலில் வருத்தம் இல்லை. அடுத்தவரின் கோப்பு ஏற்கெனவே திறந்து கிடந்தது.

16. அன்றிலிருந்து என் மனைவி உள்ளே படுத்திருக்கும் ஒவ்வொரு நான்கு மணி நேரமும், தங்கள் வரவேற்பறையில் சங்கிலி போட்டு வைத்திருக்கும் விதிப்புத்தகத்தைப் படித்தேன். முழுவதும் படித்துவிட்டேன். உள்ளபடியே சொல்கிறேன்: மிக நன்றாக எழுதப்பட்ட புத்தகம். சிறிய குறை கீழேயே தீர வேண்டும், பெரியது மேலே ஏற வேண்டும், மறுத்தவரே தம் மறுப்புக்கு நீதிபதியாகக் கூடாது, ஒவ்வொரு நிலைக்கும் இத்தனை நாள்தான் என்று வரையறுத்திருக்கிறார்கள். இதை எழுதியவர் யாரோ, மனிதர்கள் காத்திருக்கும் வரிசையில் தாமும் நின்றவராக இருக்க வேண்டும். நிலைகள் வைத்து இழுத்தடிக்கிறார்கள் என்று எட்டு மாதம் திட்டியவன் நான். என்னை இழுத்தடித்தது நிலைகள் அல்ல. ஒரே நிலையில் நிறுத்தி வைத்ததுதான்.

17. எங்கள் பட்டறையிலும் நிலைகள் உண்டு. கொதிகலனில் ஒரு இணைப்பைப் பற்றவைத்தால் முதலில் கண்ணால் பார்ப்பார்கள். அடுத்து சிவப்புச் சாயம் தடவி விரிசல் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாவது எக்ஸ்ரே. கண்ணால் பார்ப்பவருக்கு உள்ளே இருப்பது தெரியாது. ‘எனக்குத் தெரியாது, மேலே அனுப்பு’ என்று சுண்ணாம்புக் கட்டியால் குறி போடுவதுதான் அவருடைய வேலையிலேயே பெரிய வேலை. எக்ஸ்ரேயில் இணைப்பு நன்றாக இருக்கிறது என்று வந்தால், ‘நல்ல இணைப்புக்கு ஏன் குறி போட்டாய்’ என்று அவரை யாரும் வேலையை விட்டு அனுப்பியதில்லை. அப்படி ஒருமுறை அனுப்பியிருந்தால், அதன்பிறகு எந்தக் கண்ணும் எந்த இணைப்புக்கும் குறி போட்டிருக்காது. கொதிகலன் பக்கத்தில் நாங்கள்தான் நின்றிருப்போம். இந்த எச்சரிக்கை நிலைத்தால், இனி வரும் முதல் நிலை அலுவலர்கள் எல்லாரும் ‘கூடுதல் விவரம் தேவை’யில்தான் குடியேறுவார்கள். அது அவர்களுக்குப் பத்திரமான கட்டம்.

18. இன்னொன்று. பணியாளர் ஒழுங்கு விதி 27-இன்படி தண்டனைக்கு நான்கு நிலைகள்: அழைத்து விளக்கம் கேட்டல், வாய்மொழி எச்சரிக்கை, எழுத்து எச்சரிக்கை, விசாரணை. அவருக்கு முதல் இரண்டும் நடக்கவில்லை. நேரே மூன்றாவது வந்துவிட்டது. முதல் நிலையில் யாராவது ஒருவர் “ஏம்மா இப்படிக் குறி போட்டே?” என்று கேட்டிருந்தால், அவர் படிவத்தைத் திருப்பிக் காட்டியிருப்பார். அரை நிமிட வேலை. பணியாளர் பிரிவும் என்னைப் போலவே முன்பக்கத்தோடு நின்றுவிட்டது. என் கோபத்துக்காவது வயது ஒரு காரணம்.

19. முறையைத் தாண்டித் தங்களிடம் நேரே வந்துவிட்டேன் என்று எண்ண வேண்டாம். 7-ஆம் தேதி முதல் நிலையில் கொடுத்தேன். மாற்று அலுவலர் தம் வரம்பு இல்லை என்று எழுதி நிராகரித்தார். 11-ஆம் தேதி துணைக் கண்காணிப்பாளர் நிராகரித்தார். ‘பணியாளர் ஒழுங்கு என் அதிகாரத்தில் இல்லை. ஆயினும் மனுதாரர் கூறுவது உண்மை என்பதை நேரடியாக அறிவேன்’ என்று காரணம் எழுதினார். 18-ஆம் தேதி மூவர் குழு நிராகரித்து, ‘நிர்வாகத் தலைவர் ஒருவரே இதைத் தீர்க்க வல்லவர்’ என்று எழுதி மூவரும் கையெழுத்திட்டார்கள். மூன்று நிராகரிப்புகளையும் இவ்வளவு சந்தோஷமாக வாங்கிச் சென்ற மனுதாரர் இந்த மருத்துவமனையில் வேறொருவர் இருக்க மாட்டார். மூன்று நிலைகளைத் தாண்டி, பன்னிரண்டு நாளில் இந்தத் தாள் தங்கள் மேசைக்கு வந்திருக்கிறது. இதற்கு மேல் நிலை இல்லை. ஆகவே ‘கூடுதல் விவரம் தேவை’ என்று தாங்கள் எழுதினால் நான் வரவேற்பறையிலேயே உட்கார்ந்திருப்பேன். வாரம் மூன்று நாள் எப்படியும் அங்கேதான் இருக்கிறேன்.

20. ஆகவே, செய்ய வேண்டியவை, செய்ய வேண்டியவர்களின் பதவியோடு:

அ) நிர்வாகத் தலைவராகிய தாங்கள்: அந்த அலுவலரை அழைத்து, உட்கார வைத்து, ஒருவரும் கேட்காத விளக்கத்தைக் கேட்க வேண்டும். வரும் 22-க்குள்.

ஆ) பணியாளர் பிரிவுத் தலைவர்: எழுத்து எச்சரிக்கையை ரத்து செய்து கோப்பிலிருந்து எடுக்க வேண்டும். எடுத்த இடத்தில் படிவத்தின் பின்பக்க நகலை வைக்க வேண்டும். 25-க்குள்.

இ) ஒப்பந்தப் பிரிவு: அவருடைய ஒப்பந்தத்தை 30-ஆம் தேதிக்கு முன்பே புதுப்பிக்க வேண்டும். 30 அன்று மாலை அல்ல.

ஈ) துணைக் கண்காணிப்பாளர்: சாட்சியம் தேவைப்பட்டால் வேனில் வரும் ஐவரிடமும் ஓட்டுநரிடமும் வாக்குமூலம் பெற வேண்டும். ஆள் அனுப்ப வேண்டியதில்லை. செவ்வாய், வியாழன், சனி காலை எல்லாரும் ஒரே வண்டியில் இருப்பார்கள். கணக்கு வாத்தியார் அதிகம் பேசுவார், பொறுத்துக்கொள்ளவும்.

உ) படிவம் அச்சிடும் பிரிவு: நான்காவது கட்டம் ஒன்றைச் சேர்க்க வேண்டும். ‘நியாயமானது, என் அதிகாரத்தில் இல்லை, மேல் நிலைக்கு அனுப்புகிறேன்.’ அதுவரை பழைய படிவத்தின் முன்பக்கத்தில் ‘மறுபக்கம் பார்க்க’ என்று ரப்பர் முத்திரையாவது குத்த வேண்டும்.

ஊ) பாதுகாப்பு அலுவலர்: நோயாளியின் உடனிருப்போர் நடத்தை விதி 9-இன்படி, உண்மையை அறியாமல் பணியாளர் மேல் பொய்ப்புகார் கொடுப்பது குற்றம். அதற்கும் நிலைகள் உண்டு: முதலில் அழைத்து விளக்கம் கேட்டல், பிறகு வாய்மொழி எச்சரிக்கை, பிறகு எழுத்து எச்சரிக்கை. என்மேல் அந்த நடவடிக்கையை எடுக்க வேண்டும். முதியவர் என்று எந்த நிலையையும் விட்டுவிட வேண்டாம். முதல் நிலையிலிருந்தே தொடங்க வேண்டும். விளக்கம் கேட்கும்போது அந்தப் பெண்மணியும் அறையில் இருக்க வேண்டும். கவுன்ட்டரில் எல்லார் முன்னாலும் கத்தியவன், எல்லார் முன்னாலும் பதில் சொல்ல வேண்டும்.

இணைப்பு: குறைதீர் படிவம், இரண்டு பக்கங்களும், நிராகரிப்புகள் மூன்று, ஐவர் ஒப்புதல், நன்றிக் கடிதம் (மூலப்பிரதி).

இடம்: டயாலிசிஸ் பிரிவு காத்திருப்பு அறை
நாள்: இம்மாதம் 19, செவ்வாய்

தவறை ஏற்று, முடிவுக்காகக் காத்திருக்கும்,
(கையொப்பம்)
அட்டை எண் 4417-இன் கணவர்

மேலே எழுதியதை இரண்டு பக்கமும் படித்தேன். உண்மை.
(கையொப்பம்)
அட்டை எண் 4417